சூப்பர் விசா

சூப்பர் விசா என்பது கனடாவின் குடிமக்கள், நிரந்தர வதிவுரிமை பெற்றோர் ஆகியோரின் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் அந்நாட்டில் நீண்ட காலம் தங்க வழங்கப்படும் நுழைவிசைவு ஆகும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று இது நடைமுறைக்கு வந்தது. அதிகபட்சம் 10 ஆண்டுகள் செல்லுபடியாகும் இதனைக் கொண்டு பலமுறை சென்று வரலாம். கடவுச்சீட்டு அதற்கு முன்னரே காலாவதியானால் நுழைவிசைவின் காலமும் அதற்கேற்பக் குறையும். எனவே விண்ணப்பிக்கும் முன் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள்வது நலம்.

இது ஓய்வூதியர்களுக்கென வகுக்கப்பட்ட நுழைவிசைவு அன்று. கனடாவில் அத்தகைய நுழைவிசைவே இல்லை. எனினும் பணி ஓய்வுக்குப் பின் பிள்ளைகளுடன் சென்று வாழ விரும்பும் தமிழ்நாட்டு, இலங்கைத் தமிழ் முதியோருக்கு நடைமுறையில் கிடைக்கும் முதன்மையான வழிகளுள் இதுவும் ஒன்றாக உள்ளது. மருத்துவக் காப்பீடு இல்லாமல் இதனைப் பெற இயலாது என்பதே இதன் தனித்தன்மை. சாதாரண வருகையாளர் நுழைவிசைவுக்கு இந்நிபந்தனை கிடையாது.

வரலாறு

கனடா தன் குடிமக்களின் பெற்றோரை நிரந்தரமாகக் குடியேற்றும் திட்டத்தை நெடுங்காலமாகச் செயல்படுத்தி வந்தது. விண்ணப்பங்கள் பெருமளவில் தேங்கியதால் 2011 நவம்பர் 5 முதல் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த இடைவெளியை நிரப்பவே சூப்பர் விசா அறிமுகப்படுத்தப்பட்டது. 2014 சனவரியில் நிரந்தரக் குடியேற்றத் திட்டம் மீண்டும் திறக்கப்பட்டபோது அதற்கு 5,000 விண்ணப்பங்கள் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2017இல் குலுக்கல் முறை வந்தது. 2020ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியலிலிருந்தே 2025 வரை அழைப்புகள் அனுப்பப்பட்டன. ஆகவே 2020க்குப் பின் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு இக்காலத்தில் அந்தக் குலுக்கலில் இடமே இருக்கவில்லை. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய சூப்பர் விசா நிலைத்து நின்றது.

தொடக்கத்தில் ஒவ்வொரு நுழைவின்போதும் 2 ஆண்டுகள் தங்க முடிந்தது. 2022 சூலை 4 முதல் இக்காலம் 5 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

தகுதி

அழைக்கும் பிள்ளை அல்லது பேரப்பிள்ளை அழைப்புக் கடிதம் அளிக்க வேண்டும். அவருடைய வருமானம் கனடிய அரசு குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையின்படி அறிவிக்கும் குறைந்த வருமான எல்லையை எட்ட வேண்டும். இவ்வெல்லை ஆண்டுதோறும் மாறும். எண்ணிக்கையில் வரவிருக்கும் பெற்றோரும் சேர்க்கப்படுவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எடுத்துக்காட்டாக, கணவன், மனைவி, ஒரு குழந்தை உள்ள வீட்டிற்குத் தாய் தந்தை இருவரையும் அழைத்தால் அது ஐவர் கொண்ட குடும்பமாகவே கணக்கிடப்படும்.

விண்ணப்பதாரர் கனடிய அரசு ஏற்பளித்த மருத்துவரிடம் உடற்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2018 டிசம்பர் 31 முதல் இந்திய விண்ணப்பதாரர்கள் கைரேகையும் ஒளிப்படமும் அளிக்க வேண்டியுள்ளது. 79 வயதைக் கடந்தவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

காப்பீட்டு நிபந்தனை

இந்தியாவில் "காப்பீடு" எனப்படுவதைக் கனடாவாழ் ஈழத்தமிழர் "காப்புறுதி" என்பர். டொராண்டோ பகுதித் தமிழ் முகவர்களின் துண்டுப்பிரசுரங்களில் இரண்டாம் சொல்லையே காணலாம். பொருள் ஒன்றே.

காப்பீட்டுத் தொகை குறைந்தது 1,00,000 கனடிய டாலர்களாக இருக்க வேண்டும். மருத்துவம், மருத்துவமனைச் சேர்க்கை, நோயாளியைத் தாயகம் திருப்பி அனுப்பும் செலவு ஆகியவை அதில் அடங்க வேண்டும். நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு அது நடப்பில் இருக்க வேண்டும். கட்டணம் முழுமையாகவோ, முன்பணத்துடன் கூடிய தவணைகளாகவோ செலுத்தப்பட்டிருக்க வேண்டும். வெறும் விலைப்புள்ளித் தாள் ஏற்கப்படுவதில்லை.

முதலில் கனடிய நிறுவனங்களின் காப்பீடு மட்டுமே ஏற்கப்பட்டது. 2025 சனவரி 28 முதல் வெளிநாட்டு நிறுவனங்களின் காப்பீடும் ஏற்கப்படுகிறது. ஆனால் அந்நிறுவனம் கனடிய நிதி நிறுவனக் கண்காணிப்பு அலுவலகத்தின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். காப்பீடும் அதன் கனடியத் தொழிலின் பகுதியாக வழங்கப்பட்டிருக்க வேண்டும். சென்னையில் வாங்கப்படும் வழக்கமான வெளிநாட்டுப் பயணக் காப்பீடு இவ்வரையறைக்குள் வராது.

இவ்வளவும் நுழைவிசைவு அதிகாரி பார்ப்பவை. நோய் வந்தபின் காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது வேறு. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் போன்ற முன்னரே உள்ள நோய்களைப் பல திட்டங்கள் முற்றிலும் விலக்குகின்றன. அவற்றை ஏற்கும் திட்டங்கள், காப்பீடு தொடங்கும் முன் 90, 120 அல்லது 180 நாட்கள் அந்நோய் "நிலையாக" இருந்திருக்க வேண்டும் என்கின்றன. நிலையாக இருத்தல் என்பதற்கு நலமாக இருத்தல் என்று பொருளன்று. அக்காலத்தில் புதிய அறிகுறியோ, புதிய பரிசோதனைப் பரிந்துரையோ, மருந்தில் மாற்றமோ இருக்கக் கூடாது என்பதே பொருள். மருந்தின் அளவைக் குறைப்பதும் பல ஒப்பந்தங்களில் மாற்றமாகவே கருதப்படும். பயணத்திற்கு முந்தைய வாரம் பூந்தமல்லியிலோ ஆவடியிலோ வழக்கமான மருத்துவரைக் கண்டு, "எதற்கும் இருக்கட்டும்" என்று இரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக்கொண்டு விமானம் ஏறும் முதியவர், தம்மை அறியாமலேயே இதயநோய்க்கான பாதுகாப்பை இழந்திருக்கக்கூடும். மருத்துவரைக் காண வேண்டாம் என்பதன்று இதன் பொருள். மாற்றம் நேர்ந்தால் அதனை நிறுவனத்திற்குத் தெரிவித்து, தேவையெனில் பயண நாளைத் தள்ளிவைப்பதே முறை.

கட்டணம் வயதுக்கேற்பக் கூடும். இழப்பீடு கோரும்போது முதற்பகுதிச் செலவைத் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டால் கட்டணம் குறையும். மருத்துவ வினாத்தாளைப் பிள்ளைகள் ஊகித்து நிரப்புவது ஆபத்தானது. தவறான விடை காணப்பட்டால் தொடர்பில்லாத நோய்க்கான கோரிக்கையும் மறுக்கப்படலாம். நுழைவிசைவு மறுக்கப்பட்டால் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டங்கள் உள்ளன. வாங்கும் முன்னரே இதனை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் ஆண்டு

தங்கும் அனுமதி 5 ஆண்டுகள். கட்டாயக் காப்பீடோ நுழைவிலிருந்து குறைந்தது ஓராண்டு. ஓராண்டுக் காப்பீடு வாங்கியவருக்கு அதன்பின் புதுப்பிக்கும் சுமை குடும்பத்தையே சேரும். முதலாண்டில் சிகிச்சை பெற்ற நோய், இரண்டாம் ஆண்டின் புதிய ஒப்பந்தத்தில் முன்னரே உள்ள நோயாகிவிடுகிறது. காப்பீடு மிகத் தேவைப்படும் நேரத்தில் அது சுருங்குகிறது. ஒண்டாரியோ மாகாணத்தின் பொது மருத்துவக் காப்பீடு வருகையாளர்களுக்குக் கிடையாது. சூப்பர் விசாவில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அவர் சட்டப்படி வருகையாளரே.

தாயகத்தில் கவனிக்க வேண்டியவை

நசரத்பேட்டை, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் படைக்கலத் தொழிற்சாலைகளிலும் இரயில்வேயிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் வாழ்கின்றனர். நடுவண் அரசின் ஓய்வூதியர்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் வாழ்நாள் சான்று அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தோர் அக்டோபர் முதலே அளிக்கலாம். 2014 நவம்பரில் தொடங்கிய சீவன் பிரமாண் எண்ணிம முறையில் 2021 முதல் முக அடையாளமும் ஏற்கப்படுகிறது. டொராண்டோவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரில் சான்று பெறுவதும் உண்டு.

இந்திய மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கனடாவில் பயன்படாது. அதற்காக அதனைக் கைவிடுதல் தவறு. தொடர்ச்சி அறுந்தால், திரும்பி வந்தபின் வாங்கும் புதிய காப்பீட்டில் முன்னரே உள்ள நோய்களுக்கு மீண்டும் காத்திருக்க நேரிடும். 2024இல் மாற்றப்பட்ட விதிகளின்படி இது 36 மாதங்கள் வரை இருக்கலாம். நோயுற்றோர் பலர் சிகிச்சைக்குச் சென்னைக்கே திரும்புவதால் இது சிறிய செய்தியன்று.

பிற நாடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் ஓய்வூதியர் நுழைவிசைவு இல்லை. பிள்ளைகள் வழியாக நிரந்தர வதிவுரிமை பெறும் முதியோர், 5 ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பின்னரே கட்டணம் செலுத்தி மெடிக்கேர் காப்பீட்டில் சேரலாம். பிரித்தானியா, சொந்த வருமானமுள்ள ஓய்வு பெற்றோருக்கான வழியை 2008 நவம்பரில் மூடியது. ஆத்திரேலியா 2019இல் அறிமுகப்படுத்திய பெற்றோர் தற்காலிக நுழைவிசைவு 3 அல்லது 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. அதற்கும் மருத்துவக் காப்பீடு தேவை.

பிள்ளைகள் இல்லாமலே குடியேற விரும்புவோருக்கு மலேசியாவின் "என் இரண்டாம் இல்லம்" திட்டமும் தாய்லாந்தின் ஓய்வுக்கால நுழைவிசைவும் அறியப்பட்டவை. தாய்லாந்து 50 வயது நிறைந்தோரிடம் 8,00,000 பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் கோருகிறது. 2019 அக்டோபர் 31 முதல் காப்பீட்டையும் கட்டாயமாக்கியது. 2021இல் அக்காப்பீட்டின் அளவு 1,00,000 அமெரிக்க டாலராக உயர்த்தப்பட்டது.