பொங்கோலில் இருந்த விலங்குத் தோட்டம்



தொடக்கநிலை மாணவர்களை மண்டாய் விலங்குத் தோட்டத்திற்குக் கற்றல் பயணமாக அழைத்துச் செல்வதும், திரும்பியதும் "விலங்குத் தோட்டத்தில் ஒரு நாள்" என்று கட்டுரை எழுதச் சொல்வதும் நம் வழக்கம். யானை பெரியது, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீளமானது, நான் மிகவும் மகிழ்ந்தேன் என்று எல்லாக் கட்டுரைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல வந்து சேரும். விடுமுறையில் ஆப்பிரிக்காவிற்கே சென்று சஃபாரி முகாமில் தங்கி வந்த பிள்ளையும் இதைத்தான் எழுதும். இம்முறை தலைப்பைச் சற்று மாற்றி, "1935ஆம் ஆண்டில் விலங்குத் தோட்டத்தில் ஒரு நாள்" என்று கரும்பலகையில் எழுதினேன்.

உடனே ஒரு மாணவி எழுந்து, "மண்டாய்த் தோட்டம் 1973இல்தானே திறக்கப்பட்டது?" என்று கேட்டாள். சரியான கேள்விதான். ஆனால் அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே, நாங்கள் வாழும் பாசிர் ரிஸ்ஸுக்கு அருகில் ஒரு விலங்குத் தோட்டம் இருந்தது. பாசிர் ரிஸ் கடற்கரையில் நின்று மேற்கே நோக்கினால், சிராங்கூன் ஆற்றின் முகத்துவாரத்திற்கு அப்பால் தெரிவது பொங்கோல். அங்கே 1928ஆம் ஆண்டு முதல் அதனை நடத்தியவர் வில்லியம் லாரன்ஸ் சோமா பசப்பா என்னும் இந்திய வம்சாவளியினர்.

1893இல் பிறந்த பசப்பா, ஹன்மா சோமப்பா என்ற பெரும் நிலக்கிழாரின் மகன். தந்தையின் பெயரை நம் பிள்ளைகள் அறியாமலே அறிவார்கள். அப்பர் சாங்கி பக்கம் செல்லும்போது காணும் சோமப்பா சாலை அவர் பெயரைத் தாங்கியதே. அவர் பெயரில் ஒரு கிராமமும் இருந்தது. கிராமம் மறைந்துவிட்டது, சாலை எஞ்சி, இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் முகவரியாக விளங்குகிறது.

பசப்பா முதலில் விலங்குகளை வளர்த்தது சிராங்கூன் சாலையில் இருந்த தம் வீட்டில்தான். இன்று தேக்காவிற்குக் காய்கறி வாங்கச் செல்லும் நமக்கு அதை எண்ணிப் பார்க்கவே வியப்பாக உள்ளது. ஆபாய் என்னும் வங்கப் புலியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு அவர் நடந்து செல்வாராம். "விலங்கு மனிதர்" என்ற பட்டப்பெயர் வந்ததில் வியப்பில்லை. ஆயினும் நகரின் நடுவில் எத்தனை நாள் புலி வளர்க்க இயலும்? 1928இல் பொங்கோலில் நிலம் வாங்கி அனைத்தையும் அங்கு மாற்றினார். ஏறத்தாழ 200 விலங்குகளும் 2,000 பறவைகளும் அங்கு இருந்தன. நுழைவுக் கட்டணம் 40 காசு. ரோலண்ட் பிராடெல் 1934இல் வெளியிட்ட சிங்கப்பூர் பற்றிய நூலிலும் இத்தோட்டம் இடம்பெற்றது.

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலச் சிங்கப்பூர் விலங்கு வணிகத்தின் பெருஞ்சந்தை. பசப்பாவும் விலங்குகளை வாங்கி விற்றவரே. காட்டில் பிடித்துக் கூண்டில் அடைத்த உயிர்களைக் காட்டிய தோட்டத்தை இன்றைய அளவுகோலால் போற்ற முடியாது. மறுபுறம், இத்தீவின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் சுட்டுக் கொல்லப்பட்டது. அதன்பின் சிங்கப்பூர்ப் பிள்ளை ஒன்று உயிருள்ள புலியைக் காண விரும்பினால் பொங்கோல் போன்ற ஓரிடத்திற்குத்தான் செல்ல வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் மாணவர்களிடம் கூறினேன். எது சரி என்று நான் தீர்ப்பு வழங்கவில்லை.

பிறகு 1942 வந்தது. ஜப்பானியர் வடக்கிலிருந்து தாக்குவர் என்று எதிர்பார்த்த பிரிட்டிஷ் படையினர், பொங்கோல் நிலத்தைக் கேட்டனர். விலங்குகளை வேறிடம் கொண்டு செல்லப் பசப்பாவிற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் 24 மணி நேரம். அவரால் இயலவில்லை. தீங்கற்ற விலங்குகளையும் பறவைகளையும் வீரர்கள் திறந்துவிட்டனர். கொடிய விலங்குகளையும் நச்சுப் பாம்புகளையும் சுட்டுக் கொன்றனர். இத்தனைக்கும், பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் கரையேறியது பொங்கோலில் அன்று, தீவின் வடமேற்குக் கரையில்! பின்னர் அந்த இடத்தை ஜப்பானியர் பொருள்கள் வைக்கப் பயன்படுத்தினர். பசப்பா 1943இல் காலமானார்.

வகுப்பு நெடுநேரம் அமைதியாக இருந்தது. "புலியை லாரியில் ஏற்றிப் போயிருக்கலாமே?" என்றான் ஒருவன். எங்கே என்று நான் திருப்பிக் கேட்டேன். ஜொகூர்ப் பாலம் ஜனவரி 31ஆம் நாளே தகர்க்கப்பட்டிருந்ததையும், நகரில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்ததையும் விளக்கினேன். அவன் தலையாட்டினான், ஆனால் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் அவன் கொடுத்த கட்டுரை அரைப்பக்கமே இருந்தது. திறந்துவிடப்பட்ட பறவைகளுள் சில, மறுநாள் காலை தீனி வேளைக்குத் திரும்பி வந்திருக்கும், கூண்டருகே யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தான். இரண்டு ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.