ஹாஜி கருத்த ராவுத்தர்: நம் பெயர்கள் வந்த வழி

கம்பத்தை அடுத்த உத்தமபாளையத்தில் 1956ஆம் ஆண்டு முதல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி நடைபெற்று வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பல தலைமுறைகளாக அங்கே பயின்று பட்டம் பெற்றுள்ளனர். அக்கல்லூரியின் பெயரை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். ஆயினும் அப்பெயரில் அடங்கியுள்ள சொற்களை நின்று நோக்குவோர் சிலரே. 'ஹாஜி' அரபுச் சொல்; ஹஜ் கடமையை நிறைவேற்றியவரைக் குறிப்பது. 'ராவுத்தர்' என்பதற்குக் குதிரை வீரர் என்று தமிழ் அகராதிகள் பொருள் கூறும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் 'கருத்த' என்பதோ கலப்பற்ற தமிழ்.

இன்று பிறக்கும் ஆண் குழந்தைக்கு அப்படியொரு தமிழ்ச் சொல்லைப் பெயராக வைக்கலாமா என்று கேட்டால், நம் வீடுகளில் பலர் தயங்குவர். 'அது இஸ்லாமியப் பெயராகுமா?' என்ற வினா எழும். பாட்டனார் பெயரைப் பேரனுக்குச் சூட்டத் தயங்கி, கைப்பேசியில் பெயர்ப் பட்டியல்களைத் தேடும் இக்காலத்தில், அவ்வினாவுக்கு விடை காண்பது நமக்குக் கடமையாகிறது.

முதலில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையை நோக்குவோம். அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகிய பெயர்கள் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானவை என்று அவர்கள் அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. 'மாறு செய்பவள்' என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயருடைய பெண்மணிக்கு, 'அழகியவள்' எனும் பொருளில் ஜமீலா என்று பெயர் மாற்றினார்கள். (ஃபிர்அவ்னின் மனைவியாகிய ஆசியா அம்மையாரின் பெயர் வேறு எழுத்துகளால் ஆனது, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.) சூரியனின் அடிமை என்று பொருள்தந்த பெயரைத் தாங்கியிருந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள், இஸ்லாத்தை ஏற்றபின் அப்துர் ரஹ்மான் எனப்பட்டார்கள். இம்மாற்றங்கள் அனைத்திலும் நபியவர்கள் கவனித்தது பெயரின் பொருளையே.

உமர், உஸ்மான், ஹம்ஸா, கதீஜா, பிலால் ஆகியன இஸ்லாத்திற்கு முன்பே மக்காவில் வழங்கிய பெயர்கள். அவற்றைத் தாங்கியோர் இஸ்லாத்தில் இணைந்தபோது, பெயர்கள் மாற்றப்படவில்லை.  இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக், யஃகூப் ஆகிய நபிமார்களின் பெயர்களை அரபு இலக்கண அறிஞர்கள் 'அஜமீ', அதாவது அரபல்லாத பெயர்கள் என்றே வகைப்படுத்தினர். திருக்குர்ஆனிலேயே இடம்பெற்ற இப்பெயர்கள் வேற்றுமொழியிலிருந்து வந்தவையாக இருக்கும்போது, அரபு மொழி ஒன்றே பெயருக்கு இஸ்லாமியத் தன்மை தருகிறது என்று நாம் கூற இயலாது.

இனிக் 'கருத்த' என்ற சொல்லுக்கு வருவோம். பத்ருப் போரில் குதிரை வீரராக நின்ற நபித்தோழர் மிக்தாத் (ரலி) அவர்களை வரலாறு 'இப்னுல் அஸ்வத்' என்று குறிப்பிடுகிறது. அவரைத் தம் மகனாக ஏற்று வளர்த்தவரின் பெயர் அல்அஸ்வத். கூஃபா நகரில் வாழ்ந்த தாபியீன்களுள் பெரும் புகழ்பெற்ற மார்க்க அறிஞர் ஒருவரின் பெயரும் அஸ்வத் இப்னு யஸீத் (ரஹ்) என்பதே. அஸ்வத் என்றால் கருத்தவர் என்று பொருள். அரபுநாட்டில் அஸ்வத் என்று வழங்கிய அதே பொருள், நம் பள்ளத்தாக்கில் கருத்த ராவுத்தர் என்று வழங்கியது. ஒன்றை மார்க்கத்திற்கு உரியதென்றும் மற்றதை நாட்டுப்புறத்தது என்றும் பிரிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

நம் முன்னோர் பெயர்களைக் கொண்டுவந்த வழிகள் பல. முதலாவது வழி இறைநேசர்கள் மீது கொண்ட அன்பு. பக்தாதில் 1166ஆம் ஆண்டு மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பெயரிலிருந்தே முகைதீன், மைதீன், காதர், காதர் மைதீன் ஆகிய பெயர்கள் நம் வீடுகளில் பெருகின. முஹ்யித்தீன் என்றால் மார்க்கத்தை உயிர்ப்பிப்பவர். நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் நினைவாக சாகுல் ஹமீது, மீரான், நாகூர் மீரான் என்ற பெயர்கள் வந்தன.

இரண்டாவது வழி பாரசீக, துருக்கிய மொழிகள். மூத்தவர், ஆன்மிக வழிகாட்டி என்று பொருள்படும் 'பீர்' பாரசீகச் சொல். தக்கலை பீர் முஹம்மது அப்பா அவர்களின் பெயரிலும், நம் ஊரின் பெயரைத் தமிழ்நாடு அறியச் செய்த கம்பம் பீர்முகம்மது பாவலரின் பெயரிலும் அச்சொல் விளங்குகிறது. பெண்களின் பெயரில் வரும் பானு பாரசீகம், பேகம் துருக்கி. 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் பெயரில், 'என் தலைவி' என மதிப்புடன் விளிக்கும் அரபுச் சொல்லான 'சித்தி'யும் துருக்கியப் 'பேக'மும் அடுத்தடுத்து அமர்ந்துள்ளன.

மூன்றாவது வழி தமிழ். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். அப்பெயரே தமிழ் நாவில் சீதக்காதி என மருவியது என்பர். அவருக்கே பெரியதம்பி மரைக்காயர் என்ற தமிழ்ப் பெயரும் இருந்தது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் உமர் என்பது உமறு ஆயிற்று. உஸ்மான் உதுமானாகவும், யூசுஃப் யூசுபாகவும், ஃபாத்திமா பாத்துமாவாகவும் ஆயினர். குமுளி மலையைக் கடந்தால் மலையாளத்திலும் பாத்தும்மாவையே காண்கிறோம்; வைக்கம் முகம்மது பஷீர் 1959இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலின் தலைப்பிலேயே அப்பெயர் உள்ளது. இவற்றைப் பிழை என்று கருதுவோர் உளர். அரபொலிகளுக்குரிய எழுத்தில்லாத மொழியைப் பேசிய தாய்மார், தாம் நேசித்த அன்னையரின் பெயர்களைத் தம் மக்களுக்குச் சூட்டி, தம் நாவுக்கு இயன்றவாறு அழைத்தனர். அந்த நேசத்தின் தடம் பாத்துமா என்ற ஒலியில் பதிந்துள்ளது.

முன்னோர் வைத்த பெயர்கள் எல்லாவற்றையும் அப்படியே தொடர வேண்டும் என்று நாம் கூறவில்லை. அடுத்தடுத்துக் குழந்தைகளை இழந்த பெற்றோர், அடுத்த குழந்தையாவது தங்கட்டும் என்று பிச்சை எனப் பெயரிட்டது தமிழகத்தின் பொது வழக்கம். நம்மவரிடமும் அது இருந்தது. அதன் பின்னுள்ள துயரத்தை நாம் மதிக்கிறோம். எனினும் பிள்ளையைத் தருபவன் அல்லாஹ் ஒருவனே ஆதலால், அக்கொடையைப் பிறருடன் இணைத்துக் கூறும் பெயர்களை ஆலிம்கள் தவிர்க்கச் சொல்வதில் நியாயமுண்டு. நபியவர்கள் காட்டிய பொருள் என்ற அளவுகோல் நம் முன்னோருக்கும் பொருந்தும். இன்றைய பட்டியல்களுக்கும் பொருந்தும். ஓசைக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, எம்மொழியிலும் பொருளில்லாத பெயர்கள் இன்று பெருகுவதையும் அதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். 'அப்துல்' என்று மட்டும் அழைப்பதும் அத்தகையதே. 'இன்னாரின் அடிமை' என்பதில் 'இன்னார்' விடுபட்டு, பாதியில் நின்ற சொல் அது.

குடியரசுத் தலைவராக விளங்கிய ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் அவர்களின் முழுப்பெயரில் கொள்ளுப்பாட்டனார், பாட்டனார், தந்தையார் மூவரும் வரிசையாக இருந்தனர். பக்கீர் என்றால் ஏழை. மனிதர் அனைவரும் அல்லாஹ்விடம் தேவையுடையோர் எனத் திருக்குர்ஆன் 35:15 உணர்த்துவதும் அச்சொல்லாலேயே. ஜைனுல் ஆபிதீன் என்றால் வணக்கசாலிகளின் அணிகலன். இராமேசுவரத்தின் எளிய குடும்பமொன்று நான்கு தலைமுறைகளைத் தன் பிள்ளையின் பெயரில் எழுதி வைத்திருந்தது.

ஆகவே குழந்தை பிறந்த வீட்டில், பட்டியல்களைத் திறக்கும் முன் அத்தாவையும் பாட்டனாரையும் பாட்டியாரையும் அமர்த்தி, அவர்களின் பெற்றோர் பெயர்களைக் கேட்போம். ஐயமுள்ள பெயரின் பொருளைப் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டறிவோம். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்வோம். பெயரைப் பதிவு நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதால் அவசரம் வேண்டாம். முடிவு செய்த பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்தமைப்பில் எழுதுவோம். மைதீன் ஓர் ஆவணத்திலும் முகைதீன் மற்றோர் ஆவணத்திலும் இருந்தால், அலைச்சல் பிள்ளைக்கே.

தமக்கு ஆண் மகவு பிறந்த இரவுக்கு மறுநாள், தம் தந்தை இப்ராஹீமின் பெயரை அக்குழந்தைக்குச் சூட்டியதாக நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் அறிவித்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியைக் கடந்து, மூதாதையின் பெயரைத் தம் மடியில் தவழ வைத்தார்கள். நம் வீட்டு மைதீனும் பாத்துமாவும் மூன்று தலைமுறைக்கு அப்பால்தான் இருக்கின்றனர். நல்ல பொருளுடைய அப்பெயர்களை நம் மக்கள் பெருமையுடன் தாங்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.