ஒன்பது மில்லியன் டாலரும் ஒரு பழைய படமும்

கோல்ஃபை டிவியில் காட்டுவது லேசான வேலை இல்லை. கிரிக்கெட்டில் ஒரு பந்து, ஒரு மைதானம். ஒரு பெரிய கோல்ஃப் போட்டியிலோ நூறு பேருக்கு மேல், ஆளுக்கொரு பந்து, 18 குழிகள் கிலோமீட்டர் கணக்கில் பரந்து கிடக்கும். 1960களில் அமெரிக்க டிவி கடைசி சில குழிகளில் மட்டும் காமிராவை நட்டு வைத்துக் காத்திருந்தது.

இதற்குக் கிடைத்த விடைதான் காட்சி ஆட்டம். ரெண்டு பெரிய ஆட்டக்காரர்களை மட்டும் கூப்பிடு, முதல் குழியிலிருந்து 18 வரை கூடவே போ. 1962இல் தொடங்கிய 'ஷெல்ஸ் வொண்டர்ஃபுல் வேர்ல்ட் ஆஃப் கோல்ஃப்' தொடர் இதைத்தான் செய்தது. ஃபிலிமில் எடுத்து, வெட்டி ஒட்டி ஒளிபரப்பினார்கள். காமிரா இடம் மாறும்வரை ஆட்டக்காரர் மட்டையோடு காத்து நிற்கணும்.

இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பென் ஹோகனும் சாம் ஸ்னீடும் 1964இல் ஹூஸ்டனில் ஆடியது. ஹோகனுக்கு அப்போ 51 வயசு. 1949இல் அவர் கார் மேல் பஸ் மோதி, இனிமேல் நடப்பாரா என்றே சந்தேகப்பட்ட கால்கள். அந்தக் கால்களோடு, அத்தனை இடைவெளிகளுக்கு நடுவில், ஒரு ஃபேர்வேயும் ஒரு கிரீனும் தப்பாமல் ஆடி 69 அடிகளில் முடித்தார். ஸ்னீட் 72. பரிசுத்தொகை எவ்வளவுன்னு யாரும் ஞாபகம் வச்சுப் பேசுறதில்லை. அந்த ஆட்டத்தைத்தான் பேசுறாங்க.

அடுத்த கட்டம் 1983. அரிசோனாவில் 'ஸ்கின்ஸ் கேம்': பால்மர், நிக்லஸ், கேரி ப்ளேயர், டாம் வாட்சன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு விலை. முதல் ஆறு குழிக்கு தலா 10,000 டாலர், அடுத்த ஆறுக்கு 20,000, கடைசி ஆறுக்கு 30,000. தனியாக ஜெயித்தால்தான் காசு. சமமானால் அந்தத் தொகை அடுத்த குழியோடு சேர்ந்துவிடும். ப்ரோகிராமர் கண்ணுக்கு அழகான விதி இது: முடிவு வராத ஒவ்வொரு குழியும் அடுத்த குழியின் பதற்றத்தைக் கூட்டுது.

ப்ளேயர் 1,70,000 டாலரோடு முதலிடம். அன்றைய பிரிட்டிஷ் ஓபன் சாம்பியன் வாட்சனுக்கு 10,000 மட்டும். ஆட்டம் முடிந்ததும், 16ஆவது குழியில் பந்துக்குப் பின்னால் இருந்த இலையை ப்ளேயர் நகர்த்தினார் என்று வாட்சன் குற்றம் சாட்டினார், ப்ளேயர் மறுத்தார். காசு முழுக்க டிவிக்காக வந்தது, யாரும் கைக்காசு போடலை. ஆனா பேரு சொந்தப் பேரு. அதனாலதான் சண்டை நிஜமா இருந்தது.

அப்புறம் தொகை மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. 1999இல் டைகர் வுட்ஸும் டேவிட் டுவாலும் ஆடியபோது ஜெயித்தவருக்கு 11 லட்சம் டாலர். 2018 நவம்பரில் லாஸ் வேகஸில் வுட்ஸும் மிக்கெல்சனும் ஆடியதற்கு 90 லட்சம் டாலர், அதாவது 9 மில்லியன், ஜெயித்தவருக்கே முழுசும். பார்க்க 19.99 டாலர் கட்டணும். அன்னைக்குப் பணம் வாங்கும் பகுதியே மக்கர் பண்ண, இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பல கேபிள் நிறுவனங்கள் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தன. 22ஆவது குழியில், விளக்கு வெளிச்சத்தில் மிக்கெல்சன் ஜெயித்தார். ஆட்டம் சுமார்தான். ஏற்கெனவே பெரும் பணக்காரர்களான ரெண்டு பேருக்கு அந்தத் தொகை வலிக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரம். அதே ரெண்டு பேரோடு பெய்டன் மானிங், டாம் பிரேடி என்ற ரெண்டு அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரங்கள். ஆட்டக்காரர்களுக்குப் பரிசு இல்லை. 2 கோடி டாலர் நிவாரணத்துக்குப் போனது. பிரேடி முதல் சில குழிகளில் படாதபாடு பட்டார். ஏழாவது குழியில் தூரத்திலிருந்து அடித்த பந்து நேராக உள்ளே போனது. சராசரியா 58 லட்சம் பேர் பார்த்தாங்க. அமெரிக்க கேபிள் டிவியில் அதுவரை எந்த கோல்ஃபுக்கும் அத்தனை கூட்டம் இல்லை.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான்: அசிங்கப்படுவோமோ என்ற பயம் ஆடுகிறவர் முகத்தில் தெரியணும். பிரேடியிடம் அது தெரிந்தது. 51 வயசு ஹோகனுக்கும் அது உள்ளே இருந்திருக்கும், வெளியே காட்டிக்கலை. நேரம் கிடைச்சா அந்தப் பழைய படத்தைப் பாருங்க, அடிக்கு முன்னாடி அவர் எப்படி நிற்கிறார்னு மட்டும் கவனிங்க.