லாரி எந்தப் பக்கம் போகிறது?

1973. எத்தியோப்பியாவின் வடகிழக்கில் வோலோ என்றொரு மாகாணம். மழை பொய்த்து, பயிர் கருகி, கடும் பஞ்சம். ஜனங்கள் கிராமங்களைக் காலி செய்துகொண்டு நெடுஞ்சாலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். போகிற வருகிற வண்டிகளை மறித்துக் கையேந்தினார்கள்.

அதே வோலோவிலிருந்து தலைநகர் அடிஸ் அபாபாவுக்குத் தானியம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே வரவில்லை, வெளியே போனது!

'அவங்களுக்கு என்ன, புத்தி கெட்டுப் போச்சா?' என்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. சுத்தமான வியாபாரம்.

பி.காம். முதல் வருஷப் பாடம் ஒன்று உண்டு. ஒரு பொருள் வேண்டும் என்று ஏங்குவது மட்டும் டிமாண்ட் ஆகாது. வாங்குவதற்குக் கையில் காசும் இருக்க வேண்டும். மனப்பாடம் பண்ணி, எழுதி, மார்க்கும் வாங்கினேன். வோலோ கதையைப் படித்தபோதுதான் அந்த வரி சுட்டது. பட்டினியில் சாகிறவனுக்கு, அந்தக் கணக்குப்படி, சோற்றுக்கு டிமாண்டே கிடையாது.

இதைத்தான் 1981-ல் அமர்த்தியா சென் புத்தகமாக எழுதினார். எத்தியோப்பியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வருஷம் விளைச்சல் லேசாகத்தான் குறைந்திருந்தது. வோலோவின் டெஸ்ஸி நகரச் சந்தையில்கூட விலை பெரிதாக ஏறவில்லை. எப்படி ஏறும்? விளைச்சல் போன விவசாயியிடம் வாங்கக் காசு ஏது?

மாடு மேய்க்கும் அஃபார் மக்கள் பாடு இன்னும் மோசம். வறட்சிக் காலத்தில் அவர்களுக்குக் கைகொடுத்த ஆவாஷ் நதிக்கரை மேய்ச்சல் நிலத்தில், பருத்தியும் கரும்பும் போட்டுப் பெரிய பண்ணைகள் வந்துவிட்டன. மாடுகள் செத்தன. மிஞ்சியதை விற்கப் போனால் அடிமாட்டு விலை.

சக்கரவர்த்தி ஹெய்லி செலாசியின் அரசாங்கம் என்ன செய்தது? விஷயம் வெளியே போகாமல் அமுக்கப் பார்த்தது. மானப் பிரச்னையாம்! 1973 அக்டோபரில் ஜோனதன் டிம்பிள்பி எடுத்த படம் பிரிட்டிஷ் டி.வி.யில் வந்தபிறகுதான் உலகம் விழித்தது. செத்தவர்கள் 40 ஆயிரம் என்கிறார்கள், 2 லட்சம் என்கிறார்கள். எண்ணி வைக்க யார் இருந்தார்கள்?

1974 செப்டம்பரில், அதே படத்தின் நடுநடுவே அரண்மனை விருந்துக் காட்சிகளைச் செருகி, எத்தியோப்பிய டி.வி.யில் போட்டுக் காட்டியது ராணுவம். மறுநாள் 12-ம் தேதி, சக்கரவர்த்தியை ஒரு சின்ன ஃபோக்ஸ்வேகன் காரில் ஏற்றிக் கொண்டு போனார்கள்.

அப்பாடா, விடிந்தது என்று நினைத்தார்கள் ஜனங்கள். விடியவில்லை. 1984-ல் மறுபடியும் பஞ்சம். ராணுவ ஆட்சியாளர் மெங்கிஸ்டுவோ புரட்சியின் பத்தாவது ஆண்டு விழாவைத் தடபுடலாக நடத்திக்கொண்டிருந்தார். கலகக்காரர்கள் இருந்த திக்ரேயில், உணவு போய்ச் சேராமல் தடுப்பதே ஒரு போர் ஆயுதம் ஆனது. இந்த முறை பலி 4 லட்சத்துக்குக் குறையாது. 10 லட்சம் என்பாரும் உண்டு.

ராஜா போய் ராணுவம் வந்தது. வயிறு மட்டும் அப்படியே காய்ந்தது.

இனி யாராவது உங்களிடம், 'ஆப்பிரிக்காவில் மழை இல்லை சார், அதான் பட்டினி' என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

தானிய லாரி எந்தப் பக்கம் போகிறது?