பலகை விளையாட்டும் பணித்திறனும்: பியர் விளையாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

பலகை விளையாட்டு ஆடுபவர் அலுவலகத்திலும் நன்றாகத் திட்டமிடுவார் என்பதைப் பலர் ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றனர். சதுரங்கம் பற்றிய ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் வெளியிட்ட சோதனையில், உண்மையான ஆட்டமொன்றின் காய்நிலையை 5 விநாடி மட்டுமே பார்த்த தேர்ந்த ஆட்டக்காரர், பெரும்பாலான காய்களை நினைவிலிருந்தே சரியாக அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோதோ புதியவரைவிட அவர் மேலாகச் செய்யவில்லை. அவரிடம் வளர்ந்திருந்தது சதுரங்க அறிவேயன்றிப் பொதுவான நினைவாற்றல் அன்று. ஆகவே ஆட்டத்தின் அமைப்பு எந்த வேலையின் அமைப்பை ஒத்திருக்கிறதோ அந்த வேலைக்கே அது பயிற்சியாகும் என்பது என் வாதம்.

இதற்குத் தக்க சான்று, 1960-களில் எம்.ஐ.டி.யில் உருவான பியர் விளையாட்டு. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர் பலகையைச் சுற்றி உட்காருவர். ஒரு சுற்று ஒரு வாரம். தேங்கும் பியர் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெட்டிக்கு 1 டாலர். அடுத்தவரிடம் போட்ட ஆர்டருக்குச் சரக்கு வந்திறங்கச் சில வாரங்களாகும். ஒருவரோடொருவர் பேசவும் கூடாது. வாடிக்கையாளர் கேட்பது வாரம் 4 பெட்டி. ஐந்தாம் வாரம் அது 8 ஆகிறது, பிறகு மாறுவதே இல்லை. இந்தச் சின்ன மாற்றத்துக்கே ஆலைப் பக்கம் ஆர்டர்கள் பெருகி, பின் அறவே நின்றுபோகின்றன. ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், அணிகளின் சராசரிச் செலவு இயன்ற மிகக் குறைந்த செலவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. ஏற்கெனவே போட்டு இன்னும் வந்துசேராத ஆர்டரைக் கணக்கில் கொள்ளாமல் மேலும் மேலும் ஆர்டர் போட்டதே முக்கியக் காரணம். ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் தேவையை வரைந்து காட்டச் சொன்னால், கடைக்காரராக ஆடாதவர்கள் பெரும்பாலும் ஏறி இறங்கும் அலையைத்தான் வரைகிறார்கள். தாமே எழுப்பிய அலை அது என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

விளையாட்டுக் காசுதானே, நிஜப் பணமென்றால் கவனமாக இருப்பார்கள் என்று மறுக்கலாம். ஆனால் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயபர் விற்பனையைப் பார்த்தபோது, கடையில் விற்பனை சீராகவே இருந்தும் விநியோகஸ்தர்களின் ஆர்டர்கள் பெரிதும் ஏறி இறங்கின. குழந்தைகள் டயபரைத் தவணை முறையில் நனைப்பதில்லையே!

பிழையைக் கண்டுகொண்டவர் அதைத் திருத்திக்கொள்வார் என்பதற்கு என்ன உறுதி என்ற மறுப்பு இதைவிட வலுவானது. உறுதி இல்லைதான். தோற்ற அணியினர் முதலில் பக்கத்து இருக்கைக்காரரைத்தான் குறை சொல்கிறார்கள். நால்வரின் ஆர்டர் வரைபடங்களையும் அருகருகே வைத்து, ஒரே விதமான பிழையை நால்வரும் செய்திருப்பதை நடத்துநர் காட்டிய பிறகே பேச்சு மாறுகிறது. ஆட்டத்தோடு எழுந்து போகிறவருக்குக் கிடைப்பது பொழுதுபோக்கு மட்டுமே. உணவறையில் பலகையும் காய்களும் வாங்கி வைப்பதைப் பயிற்சிச் செலவில் எழுதும் நிறுவனங்கள் இதைக் கவனிப்பது நல்லது.

நடத்துநர் யார் என்பதும் முக்கியம். மிட்வே போருக்கு முன், 1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை நடத்திய போர் விளையாட்டில், பகடையின்படி மூழ்கிய காகா என்ற விமானந்தாங்கிக் கப்பலை அட்மிரல் உகாகி மீண்டும் மிதக்கவிட்டதாக அக்கடற்படையின் விமானி மிட்சுவோ புச்சிதா எழுதியிருக்கிறார் (அவர் எழுதியவை அனைத்தும் நம்பத்தக்கவை அல்ல என்றாலும்). அந்த ஆட்டத்தின் நடத்துநரான உகாகி கூட்டுக் கடற்படையின் பணிக்குழுத் தலைவர் (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்); திட்டத்துக்குச் சொந்தக்காரர்களுள் ஒருவர். ஆடுபவர்களின் மேலதிகாரியே தீர்ப்பளிக்கும் மேசையில் திட்டத்துக்கு எதிரான முடிவு நிலைப்பது கடினம். அந்த இடத்தில் வெளியாளை உட்காரவைப்பதே சரி.