இருவரில் ஒருவர் விலக வேண்டும் என்றால், யார் விலகுவது?

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் போன வாரம் கோல் எடுத்தார். தனியார் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறார். அதே கம்பனியில் வேலை செய்பவரோடு கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசியில் கேட்டார்: "சேர், கணவன் மனைவி ஒரே இடத்தில வேலை செய்ய ஏலாதாம். ரெண்டு பேர்ல ஒருத்தர் விலகணுமாம். அவருக்குத்தான் சம்பளம் கூட. அப்ப நான்தானே விலகணும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் பழைய சட்டம் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது.

1932ஆம் ஆண்டு. ஐக்கிய அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தக் காலம். ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு வேலை இல்லை. செலவைக் குறைக்க, ஜனாதிபதி ஹூவர் ஜூன் 30ஆம் திகதி ஒரு சிக்கனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் 213ஆம் பிரிவு சொன்னது இதுதான்: அரச சேவையில் ஆட்குறைப்புச் செய்யும்போது, கணவன் மனைவி இருவரும் அரச ஊழியர்களாக இருந்து சேர்ந்து வாழ்ந்தால், மற்றவர்களுக்கு முன் அவர்களைத்தான் நிறுத்த வேண்டும்.

'ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும்' என்பதே இதன் நியாயம். கேட்பதற்குச் சரி போலத்தான் இருக்கும். 'பெண்' என்ற சொல்கூடச் சட்டத்தில் இல்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், சம்பளம் குறைந்தவர்தானே விலகுவார்? வேலை இழந்தவர்கள் சுமார் 1,600 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். பிரிந்து வாழும் தம்பதிகளை இந்தப் பிரிவு தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். குடும்பத்தின் பெயரால் வந்த விதி, சேர்ந்து வாழ்ந்த குடும்பங்களைத்தான் தண்டித்தது.

பெண்கள் அமைப்புகள் போராடின. எலினோர் ரூஸ்வெல்ட்டும் எதிர்த்தார். 1937 ஜூலையில்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் வேறொரு காரணத்துக்காக இதே போன்ற விதியை வைத்திருந்தன. உறவினருக்குச் சலுகை காட்டக் கூடாது என்பது அந்தக் காரணம். நோக்கம் நல்லது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் மரியா கோப்பர்ட் மேயர். ஜெர்மனியில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1930இல் கணவர் ஜோசப் மேயருக்கு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நியமனம் கிடைத்து இருவரும் அமெரிக்கா சென்றார்கள். அங்கே மரியாவுக்குக் கிடைத்தது ஜெர்மன் மொழிக் கடிதங்களுக்கு உதவும் சிறு வேலை மட்டுமே. ஆய்வை விடாமல் செய்தார். 1946இல் சிக்காகோ பல்கலைக்கழகம் பேராசிரியர் என்ற பதவிப் பெயரைக் கொடுத்தது, சம்பளம் கொடுக்கவில்லை. அணுக்கருவின் அமைப்பை விளக்கிய அவருடைய முக்கியமான ஆய்வு அந்தக் காலத்தில் பிறந்ததுதான். முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி கிடைத்தது 1960இல், கலிபோர்னியாவில். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மூன்றே வருடத்தில், 1963இல், நோபல் பரிசு. பௌதிகவியலில் மேரி கியூரிக்குப் பிறகு அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்.

அவர் விடாமல் நின்றதால் நமக்குப் பெயர் தெரிகிறது. முழுச் சம்பளமில்லாமல் முப்பது வருடம் தாக்குப்பிடிக்க முடியாமல் வீட்டுக்குப் போனவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

சலுகை காட்டுவது இல்லாத பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. கணவன் மேலதிகாரி, மனைவி அவருக்குக் கீழே என்றால் மற்ற ஊழியர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். 1971இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இதற்கு நல்ல வழி சொன்னது. உறவுமுறையைக் காரணம் காட்டி வேலையை மறுக்க வேண்டாம். ஆனால் தன் குடும்பத்தவரின் நியமனம், சம்பளம், பதவி உயர்வு பற்றிய தீர்மானத்தில் எவரும் பங்கெடுக்கக் கூடாது. கட்டுப்படுத்த வேண்டியது அதிகாரத்தை, திருமணத்தை அல்ல.

அந்தப் பிள்ளைக்கு இரவு திரும்பக் கோல் எடுத்தேன். "மகள், கடிதம் எழுத அவசரப்படாதீங்க. விதியை எழுத்தில கேளுங்க. ஒரே கம்பனியில இருக்கக் கூடாதா, ஒருத்தருக்குக் கீழ ஒருத்தர் இருக்கக் கூடாதா என்று பாருங்க. வேற பிரிவுக்கு மாற ஏலுமா என்றும் கேளுங்க" என்றேன்.

இதை வாசிக்கும் கடை, கம்பனி முதலாளிமாருக்கும் நிர்வாகத்தில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு விதியை எழுதுமுன், கடைசியில் வீட்டுக்குப் போகப் போவது யார் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.