வெளிச்செல் பாக்கெட் வரிசை

வெளிச்செல் பாக்கெட் வரிசை என்பது, ஒரு செய்தி கிளையன்ட் அனுப்ப முடிவுசெய்தும் இயங்குதளத்தின் கர்னல் இன்னும் முழுதாக வாங்கிக்கொள்ளாத பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம். சி மொழியில் இது பெரும்பாலும் ஓர் இணைப்புப் பட்டியலாக அமையும். தலைக்கு ஒரு சுட்டி, வாலுக்கு ஒரு சுட்டி. ஒவ்வொரு கணுவிலும் பைட்டுகள், மொத்த நீளம், இதுவரை எழுதிய அளவு. நூறு வரிக்குள் எழுதிவிடலாம். ஆனால் இணைப்பு தடுமாறும்போது எந்தச் செய்தி போனது, எது போகவில்லை, எந்த நினைவகத்தை யார் விடுவிப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த நூறு வரிதான் பதில் சொல்லியாக வேண்டும். தொலைந்த செய்திகள், இருமுறை வந்த செய்திகள், காரணம் தெரியாமல் வீங்கும் நினைவகம் ஆகியவற்றைத் தேடிப் போனால் பலமுறை இங்கேதான் வந்து நிற்போம்.

இக்கட்டுரை லிப்மாஸ்கிட்டோ நூலகத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ரோஜர் லைட் தொடங்கி, பின்னர் எக்லிப்ஸ் அமைப்பின் திட்டமான மாஸ்கிட்டோவின் கிளையன்ட் பகுதி அது. சி மொழியில் எழுதப்பட்டது. மூலநிரல் எவரும் படிக்கக் கிடைப்பது. அது பேசும் எம்க்யூடிடி நெறிமுறையை 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்காமின் ஆர்லன் நிப்பரும் உருவாக்கினர். செயற்கைக்கோள் இணைப்பு வழியே எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதுதான் அதன் முதல் வேலை. அலைவரிசை குறைவு, இணைப்பு எப்போது வேண்டுமானாலும் அறும் என்ற சூழலில் பிறந்ததால், அனுப்பும் பக்கத்தின் பொறுப்பு அதில் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. 2011-இல் ஃபேஸ்புக் தன் மெசஞ்சர் செயலிக்கு இதே நெறிமுறையை எடுத்துக்கொண்டது.

ஏன் வரிசை

டிசிபி சாக்கெட்டில் 'செண்ட்' அழைப்பு, கொடுத்த பைட்டுகளைக் கர்னலின் பஃபரில் படியெடுத்து வைப்பதோடு முடிகிறது. லினக்ஸில் இந்த பஃபர் வழக்கமாக 16 கிலோபைட்டில் தொடங்கித் தேவைக்கேற்ப வளரும். பஃபர் நிரம்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். காத்திருக்கும் முறையிலுள்ள சாக்கெட் நிரலை அப்படியே நிறுத்திவைக்கும். திரை உறையும், வரும் செய்திகளைப் படிப்பதும் நிற்கும். காத்திராத முறையிலுள்ள சாக்கெட் எடுத்துக்கொண்ட அளவை மட்டும் திருப்பித் தரும். எதையுமே எடுக்க முடியாதபோது 'ஈஅகெய்ன்' என்ற பிழைக்குறியைத் தரும். ஆயிரம் பைட் கொடுத்து அறுநூறு போனால், மீதி நானூறை நினைவில் வைக்க ஓர் இடம் வேண்டும். வரிசை பிறப்பது அங்கே.

டிசிபியைப் பயன்படுத்தாத கிளையன்ட்டுகளில் இதன் சுமை இன்னும் பெரிது. 1996-இல் வந்த ஐசிக்யூவின் தொடக்க நெறிமுறைகள் யுடிபியில் ஓடின. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எண்ணிட்டு, ஒப்புகை வராவிட்டால் மறுபடி அனுப்பும் வேலை கிளையன்ட்டுடையது. அப்போது வரிசைக் கணுவில் அடுத்த முயற்சிக்கான நேரமும் முயற்சிகளின் எண்ணிக்கையும் இருந்தாக வேண்டும்.

கணுவும் இரண்டு சுட்டிகளும்

லிப்மாஸ்கிட்டோவின் 1.6 பதிப்பில் ஒவ்வொரு பாக்கெட் கணுவிலும் 'பேலோட்' என்ற பைட் தொகுதி, 'பாஸ்' என்ற இடக்குறி, 'டு_ப்ராசஸ்' என்ற மீதி அளவு, 'நெக்ஸ்ட்' சுட்டி ஆகியவை உள்ளன. புதிய பாக்கெட் வரும்போது இடக்குறி சுழியமாகவும் மீதி அளவு முழு நீளமாகவும் குறிக்கப்பட்டு, கணு வாலில் சேர்க்கப்படும். வால் சுட்டி இருப்பதால் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் சேர்க்கும் நேரம் மாறாது.

தலையிலிருந்து எடுக்கப்பட்ட பாக்கெட் 'கரண்ட்_அவுட்_பாக்கெட்' என்ற தனிச் சுட்டிக்கு மாறுகிறது. இந்தப் பிரிவினை கூர்ந்து கவனிக்கத் தக்கது. பாதி எழுதப்பட்ட பாக்கெட்டுக்கு முன் வேறு எதையும் நுழைக்க முடியாது. நுழைத்தால் மறுமுனை அந்தப் புதிய பைட்டுகளை முந்தையதன் மிச்சமாகவே படிக்கும். அதன்பின் வருவதெல்லாம் குலையும். காத்திருப்பவற்றை முன்பின் மாற்றலாம், விலக்கலாம்; ஒரு பைட் போனபின் அந்தப் பாக்கெட்டைத் தொடக்கூடாது. இந்த விதியை நிரலாளரின் நினைவாற்றலுக்கு விட்டுவிடாமல் தரவமைப்பிலேயே பதித்துவிட்டது இந்த வடிவம்.

அதோடு பூட்டும் இரண்டாகிறது. பட்டியலுக்கு ஒரு மியூடெக்ஸ், நடப்புப் பாக்கெட்டுக்கு ஒரு மியூடெக்ஸ். ஓர் இழை நடப்புப் பாக்கெட்டைச் சாக்கெட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னோர் இழை வாலில் புதியதைச் சேர்க்கலாம். எழுதி முடிந்ததும் நூலகம், பயனர் கொடுத்த திரும்பழைப்புச் செயற்கூறை அழைக்கிறது. அப்போதும் நடப்புப் பாக்கெட்டின் பூட்டு கையில்தான் இருக்கிறது. அந்தச் செயற்கூறுக்குள் இன்னொரு செய்தியை வெளியிடுவது மிக இயல்பான செயல். அந்த அழைப்பு உடனே சாக்கெட்டில் எழுத முனைந்தால், தான் பிடித்த பூட்டுக்குத் தானே காத்து முடங்கும். அதனால் 'இன்_கால்பேக்' என்ற கொடி உயர்ந்திருந்தால் வரிசையில் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். இழை இல்லாத முறையில், கொடியும் தாழ்ந்திருந்தால், சேர்த்த கையோடு எழுத முயல்கிறார்கள்.

எழுதும் சுற்று

எழுதும் பகுதி எளிய சுற்றுதான்: மீதி இருக்கும்வரை எழுது, எழுதிய அளவுக்கு இடக்குறியை நகர்த்து, 'ஈஅகெய்ன்' வந்தால் வெற்றி என்றே திரும்பு, இணைப்பு அறுந்த பிழை வந்தால் இணைப்பை மூடு. 'ஈஅகெய்ன்' பிழையல்ல என்பதைப் புதிதாக எழுதுவோர் தவறவிடுவதுண்டு. நெரிசலான வலையில் அது அன்றாட நிகழ்ச்சி.

'செலக்ட்' அல்லது 'போல்' வைத்துக் காத்திருக்கும்போது, எழுதும் ஆர்வத்தை வரிசையில் ஏதாவது இருக்கும்போது மட்டுமே பதிய வேண்டும். சாக்கெட் பெரும்பாலான நேரம் எழுதத் தயாராகவே இருக்கும். வரிசை வெறுமையாக இருக்கையில் ஆர்வம் பதிந்திருந்தால் சுற்று ஓயாமல் விழித்துச் செயலியை வீணே எரிக்கும். தன் சொந்தச் சுற்றில் சாக்கெட்டைக் கவனிக்கும் நிரலுக்காகவே 'மாஸ்கிட்டோ_வான்ட்_ரைட்' என்ற கேள்விச் செயற்கூறு இருக்கிறது.

இழைகளோடு ஓடும்போது இன்னொரு சிக்கல். வலையிழை 'செலக்ட்'டில் உறங்குகிறது. முதன்மை இழை வரிசையில் ஒரு பாக்கெட்டைச் சேர்க்கிறது. உறங்குபவருக்கு அது தெரியாது. இதற்காக ஒன்றோடொன்று பிணைந்த இரு சாக்கெட்டுகளை வைத்து, ஒன்றில் ஒரே ஒரு பைட்டை எழுதி மற்றதைக் கவனிக்கும் இழையை எழுப்புகிறது லிப்மாஸ்கிட்டோ. யுனிக்ஸ் உலகில் தன்-குழாய் உத்தி என்று அறியப்பட்ட பழைய வழியின் உறவினர் இது. லினக்ஸில் மட்டும் ஓடும் நிரலுக்கு 2007-இல் வந்த 'ஈவென்ட்எஃப்டி' போதும்.

டிஎல்எஸ் குறியாக்கம் சேர்ந்தால் விதிகள் இறுகுகின்றன. ஓபன்எஸ்எஸ்எல்லின் எழுதும் அழைப்பு முடியாமல் திரும்பினால், அடுத்த முறையும் அதே பைட்டுகளை, இயல்புநிலையில் அதே முகவரியிலிருந்து, தர வேண்டும். இடையில் 'ரீஅலாக்' செய்து பஃபரை நகர்த்தினால் பிழை விழும். முகவரி நகர்வதை அனுமதிக்கும் தனி விருப்பக்கொடி உண்டு என்றாலும், கணுவை வரிசையில் இட்டபின் அதன் பைட்டுகளை நகர்த்தாமல் இருப்பதே நல்ல பழக்கம். இன்னொன்று: எழுத முயலும் அழைப்பு 'முதலில் படிக்க வேண்டும்' என்று பதில் சொல்லக்கூடும். அப்போது சாக்கெட் எழுதத் தயாராகும் வரை காத்திருப்பது பயனற்றது.

மூடிய இணைப்பில் எழுதினால் 'சிக்பைப்' சமிக்ஞை வந்து நிரலையே கொன்றுவிடும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அழைப்பில் அதற்கான கொடியைக் கொடுத்தோ, சமிக்ஞையைப் புறக்கணித்தோ தடுக்கலாம்.

எழுதியதும் சேர்ந்ததும்

வரிசையை விட்டு ஒரு பாக்கெட் வெளியேறியது என்றால் கர்னல் அதை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். பெறுநருக்குப் போய்விட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் பதிலே வராத இணைப்பை டிசிபி கைவிடக் கணக்குப்படி ஏறத்தாழ 924 விநாடி, அதாவது கால் மணி நேரத்துக்கும் சற்று மேல், ஆகலாம். பஃபரில் இடம் இருந்தால் அதுவரை 'செண்ட்' வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வெற்றியை நம்பித் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று காட்டும் கிளையன்ட் பயனருக்குப் பொய் சொல்கிறது.

எம்க்யூடிடி இதற்கு மூன்று சேவைத் தரங்களை வைத்திருக்கிறது. தரம் 0-இல் ஒப்புகை கிடையாது. லிப்மாஸ்கிட்டோவில் 'ஆன்_பப்ளிஷ்' திரும்பழைப்பு, பைட்டுகள் கர்னலுக்குப் போனவுடன் வரும். தரம் 1-இல் 'பப்ஆக்' ஒப்புகை வந்தபின் வரும். தரம் 2-இல் நான்கு கட்டக் கைகுலுக்கலின் கடைசியான 'பப்காம்ப்' வந்தபின் வரும். ஆகவே தரம் 1, 2 செய்திகளுக்குப் பாக்கெட் வரிசை போதாது. ஒப்புகை வரும்வரை செய்தியை வைத்திருக்கும் இரண்டாவது கிடங்கு தேவை. அங்கே ஒவ்வொரு செய்திக்கும் 1 முதல் 65,535 வரையான 16 பிட் அடையாள எண் உண்டு. ஒரே நேரத்தில் ஒப்புகைக்குக் காத்திருக்கக்கூடியவை லிப்மாஸ்கிட்டோவில் வழக்கமாக 20.

இவ்விரண்டையும் ஒன்றாக்கும் வடிவமைப்பு, இணைப்பு அறும்வரை ஒழுங்காகவே ஓடும். அறுந்து மீண்டும் இணையும்போது இரண்டின் விதியும் வேறு வேறு. பாக்கெட் வரிசையை முற்றாகத் துடைக்க வேண்டும். பழைய இணைப்பில் அறுநூறு பைட் போன பாக்கெட்டின் மீதி நானூறு புதிய இணைப்பில் வெறும் குப்பை. கிடங்கைத் துடைக்கவே கூடாது. பழைய அமர்வு தொடர்ந்தால், அதிலுள்ள செய்திகளை அதே அடையாள எண்ணோடும் 'மறுபடி அனுப்பியது' என்ற பிட்டோடும், முதலில் அனுப்பிய அதே ஒழுங்கில், புதிய பாக்கெட்டுகளாகக் கட்டி வரிசையில் இட வேண்டும். தரம் 2-இல் பாதி வழி வந்தவற்றுக்குச் செய்தியை விட்டு, கைகுலுக்கலின் மூன்றாம் கட்டமான 'பப்ரெல்' மட்டும் போகும். பைட்டுகள் இணைப்புக்குச் சொந்தம், செய்தி அமர்வுக்குச் சொந்தம். இதை மனத்தில் இருத்தி எழுதிய நிரலில் ஒவ்வொரு 'ஃப்ரீ'யும் எங்கே வர வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

எல்லை

வரிசைக்கு வரம்பு வைக்காத கிளையன்ட் ஒருநாள் நினைவகம் தீர்ந்து சாகும். 200 பைட் பாக்கெட்டுகள் விநாடிக்குப் பத்து உருவானால் மணிக்கு 7.2 மெகாபைட். 80 கிலோபைட் மட்டுமே கொண்ட சிறு கருவியில் வலை 40 விநாடி விட்டுப்போனாலே எல்லாம் முடிந்தது. வரம்பை எண்ணிக்கையில் வைப்பதைவிடப் பைட்டில் வைப்பது நல்லது. எம்க்யூடிடி பாக்கெட் ஒன்றின் உடல் 26,84,35,455 பைட் வரை போகலாம் என்பதால் எண்ணிக்கை எதையும் உணர்த்தாது.

வரம்பை எட்டியபின் எதைக் கைவிடுவது என்பதைச் செய்தியின் இயல்பே தீர்மானிக்க வேண்டும். வெப்பமானி அளவு போன்றவற்றில் பழையதை எறிந்து புதியதை வைக்கலாம்; ஒரு நிமிடத்துக்கு முந்தைய வெப்பம் யாருக்கும் வேண்டாம். மனிதர் மனிதருக்கு எழுதியதில் அப்படிச் செய்யக்கூடாது. அங்கே புதியதை ஏற்க மறுத்து, அழைத்தவரிடம் பிழையைத் திருப்பித் தருவதே நேர்மை. ஓசையின்றிக் கைவிடும் கிளையன்ட்டைப் பயனர் பிறகு எப்போதும் நம்பமாட்டார்.

வேகத்துக்கும் எல்லை வேண்டிய நெறிமுறைகள் உண்டு. 1993-இன் ஆர்எஃப்சி 1459, ஐஆர்சி சர்வரில் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு விநாடித் தண்டம் விதித்து, பத்து விநாடி முன்னோடியவரைக் காக்கவைக்கும் முறையை விவரிக்கிறது. ஆகவே சி மொழியில் எழுதப்பட்ட இர்சி போன்ற கிளையன்ட், சாக்கெட் தயாராக இருந்தாலும் கட்டளைகளைத் தன் வரிசையில் நிறுத்தி, முதல் சிலவற்றை உடனே விட்டு, மற்றவற்றை இடைவெளி விட்டு அனுப்புகிறது. இங்கு முன்னுரிமை கட்டாயம்: சர்வரின் 'பிங்'குக்குத் தரும் பதில், ஒட்டப்பட்ட நீண்ட உரையின் பின்னால் நின்றால் இணைப்பே போய்விடும்.

மூடுதலும் சோதித்தலும்

செய்தியை வெளியிட்டவுடன் நிரலிலிருந்து வெளியேறுவது, செய்தி தொலைய மிகச் சுலபமான வழி. வெளியிடும் செயற்கூறு வெற்றி என்று திரும்பியபோது பாக்கெட் வரிசையில் மட்டுமே இருந்திருக்கலாம். மாஸ்கிட்டோவுடன் வரும் 'மாஸ்கிட்டோ_பப்' கருவி இதைச் சரியாகச் செய்கிறது: திரும்பழைப்பு வந்தபின்தான் துண்டிப்பைக் கோருகிறது. துண்டிப்புப் பாக்கெட்டும் வரிசையின் வாலில்தான் சேரும் என்பதால் முன்னால் நிற்பவை முதலில் போகும்.

சொந்தக் கணினியில் இந்தப் பாதைகள் பெரும்பாலும் ஓடவே ஓடா. உள்வலையில் பஃபர் நிரம்புவதில்லை. சாக்கெட்டின் அனுப்பு பஃபரை வேண்டுமென்றே சுருக்க வேண்டும். லினக்ஸ் கேட்ட அளவை இரட்டிப்பாக்கி வைக்கும், ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விடாது. மறுமுனையில் படிக்காமல் நிற்கும் ஒரு சர்வரை வைத்து, வலைக் கோளாறுகளைப் போலிசெய்யும் 'நெட்டெம்' கொண்டு தாமதத்தையும் இழப்பையும் கூட்டி, பாக்கெட்டின் நடுவில் இணைப்பை அறுத்து, நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்டில் ஓட்டிப் பார்த்தால், துடைக்கப்படாத கணுக்களும் இருமுறை விடுவிக்கப்பட்டவையும் வரி எண்ணோடு வெளிவரும்.